வாய்ப்பு இருக்கிறது, வழி தெரிய வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதம்)

கல்வி எல்லார்க்கும் பொது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் உலகில் சில மக்களுக்குக் கல்வி சட்டம் போட்டே மறுக்கப்பட்டது. அமெரிக்காவின் தென்கரோலினா 1740-ஆம் ஆண்டிலேயே அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் தேவைப்படவில்லை. ஊர்க் கட்டுப்பாடே அந்த வேலையைச் செய்து முடித்தது.

இவ்விரு மக்களின் துன்பமும் ஒரே வகையைச் சேர்ந்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் நன்கு உணர்ந்திருந்தார். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் சென்றவர் அவர். 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படி ஒன்று கிடைக்குமா என்று அதில் கேட்டிருந்தார். டு பாய்ஸும் அன்போடு பதில் எழுதினார். அங்குள்ளவர் அனுபவம் இங்குள்ளவருக்கும் பயன்படும் என்பதே அக்கடிதத்தின் பொருள்.

வடகரையிலிருந்து இக்கல்லூரிக்கு வருபவள் நான். என் தாயார் பீடி சுற்றுகிறார். தந்தையார் செங்கல் சூளையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் வகுப்பில் என்னைப் போன்றவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே அமெரிக்கக் கறுப்பின மாணவர்களுக்கும் நமக்கும் கல்வியிலும் வேலையிலும் எந்தக் கதவுகள் எப்போது திறந்தன, திறந்த கதவு வழியே உள்ளே போக இன்னும் என்ன தேவை என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவில் திறந்த கதவுகள்

1865-இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் வெள்ளையர் கல்லூரிகளில் கறுப்பருக்கு இடமில்லை. எனவே கறுப்பருக்கெனத் தனிக் கல்லூரிகள் எழுந்தன. வாஷிங்டன் நகரில் 1867-இல் ஹோவர்டு பல்கலைக்கழகம் தோன்றியது. அலபாமாவில் 1881-இல் புக்கர் டி. வாஷிங்டன் டஸ்கீகி கல்விக்கூடத்தைப் பொறுப்பேற்றுத் தொடங்கினார். அரசு நிலக்கொடை பெறும் கல்லூரிகளில் கறுப்பரைச் சேர்க்க வேண்டும், இல்லையேல் அவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்த வேண்டும் என்று 1890-இல் ஒரு சட்டம் வந்தது. தென் மாநிலங்கள் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தன. இவ்வாறு தோன்றிய கல்லூரிகளுள் ஏறத்தாழ நூறு இன்றும் நடைபெறுகின்றன. மார்ட்டின் லூதர் கிங் 1948-இல் பட்டம் பெற்ற மோர்ஹவுஸ் கல்லூரி அவற்றுள் ஒன்று. 2021 முதல் 2025 ஜனவரி வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த, தமிழ்த் தாயின் மகளான கமலா ஹாரிஸ் படித்ததும் ஹோவர்டில்தான்.

பள்ளிகளில் இனம் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று 1954 மே 17-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தவுடன் கதவு திறந்துவிடவில்லை. 1957-இல் லிட்டில் ராக் நகரின் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவ மாணவியர் நுழைவதற்கு மத்திய அரசின் இராணுவமே துணைக்கு வர நேர்ந்தது. 1964-இல் குடியுரிமைச் சட்டமும் 1965-இல் உயர்கல்விச் சட்டமும் வந்த பிறகே, பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கின. ஆனால் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்று 2023 ஜூன் 29-இல் அதே உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு, வடகரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் தீர்ப்புக் கூறிவிட்டது. ஒருமுறை திறந்த கதவு என்றைக்கும் திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

இந்த வரலாற்றில் கணித மாணவியாகிய என்னை மிகவும் கவர்ந்தவர் கேதரின் ஜான்சன். 1918-இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய ஊரில் கறுப்பின மாணவர்களுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளி இல்லை. பிள்ளைகள் படிக்கட்டும் என்று பள்ளி நடக்கும் மாதங்களில் குடும்பத்தை வேறோர் ஊரில் குடிவைத்தார் அவர் தந்தை. மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்லூரி என்ற கறுப்பர் கல்லூரியில் கேதரின் சேர்ந்தபோது, கிளேட்டர் என்ற கணிதப் பேராசிரியர் அவருடைய திறமையைக் கண்டார். 'நீ ஆராய்ச்சிக் கணித அறிஞராக வரலாம்' என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அதற்குத் தேவையான முப்பரிமாணப் பகுமுறை வடிவியல் பாடம் அக்கல்லூரியில் இல்லாததால், அந்த ஒரு மாணவிக்காகவே அப்பாடத்தை அமைத்து நடத்தினார். 1937-இல் பதினெட்டு வயதில் கேதரின் பட்டம் பெற்றார். 1953-இல் அமெரிக்க வானூர்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் கணக்கிடுபவராகச் சேர்ந்தார். அதுவே பின்னர் நாசா ஆயிற்று. 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், கணிப்பொறி போட்ட கணக்கைக் கேதரின் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்பது வரலாறு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல்லூரி இருந்தது, மாணவியிடம் திறமையும் இருந்தது. ஆயினும் இப்படி ஒரு வேலை உலகில் இருக்கிறது, அதற்கு இன்ன பாடம் படிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

தமிழ்நாட்டில் திறந்த கதவுகள்

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை அடையாற்றில் 1894-இல் கர்னல் ஆல்காட் ஆதிதிராவிடர் குழந்தைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அமெரிக்கக் கறுப்பர் கல்லூரிகளைப் போலவே, பொதுக் கதவு மூடியிருந்த காலத்தில் தனியாக வைத்த கதவுகள் இவை.

பொதுக் கதவைத் திறக்கும் முயற்சி நீதிக்கட்சி ஆட்சியில் தொடங்கியது. அரசுப் பணிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் அளிக்கும் வகுப்புவாரி ஆணை 1921-இல் பிறந்து, 1920-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த 1944-இல், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் பத்தாம் வகுப்பிற்கு மேல் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை தொடங்கியது. இன்றும் நம் கல்லூரி அலுவலகத்தில் நாம் விண்ணப்பிக்கும் 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகையின் பிறப்பு அதுதான். வியப்பு என்னவென்றால், கறுப்பர் கல்லூரி மாணவர்களுக்குப் பணம் திரட்டும் பெரிய நிதியம் ஒன்று அமெரிக்காவில் தோன்றியதும் இதே 1944-இல்தான்.

1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. பின்னர் 1971, 1980, 1989 ஆகிய ஆண்டுகளில் இடஒதுக்கீட்டின் அளவும் பிரிவுகளும் மாறின. அது 69 விழுக்காடாக வளர்ந்தபோது, 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற 1992-ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறுக்கே நின்றது. தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1994-இல் 76-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அது ஒன்பதாவது அட்டவணையில் இடம்பெற்றது.

இந்த 69 என்பதன் விவரம் நம்மில் பலருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. மாநில அரசின் நூறு இடங்களை எடுத்துக்கொள்வோம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. ஆதிதிராவிடருக்குரிய 18-க்குள் அருந்ததியருக்கு 3 என்று 2009-இல் உள் ஒதுக்கீடு வந்தது. மீதமுள்ள 31 பொதுப்பிரிவு. இந்தப் பொதுப்பிரிவு எந்த ஒரு சாதிக்கும் உரியது அன்று. எந்த வகுப்பைச் சேர்ந்தவராயினும் மதிப்பெண் வரிசையில் முன்னால் நிற்பவர் முதலில் அந்த 31-இல்தான் வைக்கப்படுவார். ஆகவே 'உனக்கு 18 போதாதா, பொதுவில் ஏன் வருகிறாய்?' என்று கேட்பவர் கணக்குத் தெரியாதவர் என்றே கூற வேண்டும்.

மத்திய அரசின் கல்லூரிகளிலும் பணிகளிலும் கணக்கு வேறு. அங்கே தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினருக்கு 10 விழுக்காடு.

இடம் மட்டும் போதுமா?

இடம் கிடைத்தவுடன் எல்லாம் முடிந்ததா? இல்லை. பசித்த வயிற்றோடு எவரும் மூன்று ஆண்டு படிக்க முடியாது. இதைத் தமிழகம் முன்பே உணர்ந்தது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைத்தன. ஆதிதிராவிடர் நல விடுதிகளும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளும் கல்லூரி மாணவர்களைத் தாங்கின. அவ்விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்ற ஒரே பெயர் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பெயர்ப் பலகையிலேயே சாதி தெரிவது மாணவர்களுக்கு எவ்வளவு கூச்சத்தைத் தந்தது என்பதை விடுதியில் இருப்பவர்களே அறிவார்கள்.

இன்று நம் போன்ற மாணவர்கள் பெறக்கூடியவை எவை? அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களுக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. வேறு உதவித்தொகை பெறுபவரும் இதைப் பெறலாம். எனக்கு வரும் ஆயிரம் ரூபாய் தேர்வுக் கட்டணமாகவும் புத்தகமாகவும் மாறுகிறது. அதற்காக அம்மா இன்னும் சில நூறு பீடி கூடுதலாகச் சுற்ற வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

நம் பகுதியில் பீடித் தொழிலாளர் குடும்பங்கள் மிகுதி. 1976-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் வழியே அவர்களுடைய பிள்ளைகளுக்கென மத்திய அரசின் கல்வி உதவித்தொகை ஏற்பட்டது. தாய் அல்லது தந்தையின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை அதற்கு அவசியம். வீட்டில் அட்டை பெட்டிக்குள் இருக்கும். அதைக் கொண்டு உதவித்தொகை கேட்கலாம் என்பது எவருக்கும் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆணையில் உள்ள உதவியும் அப்படித்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2010-11 முதல் நடைமுறையில் உள்ள முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்விக்கே உரியது. நம்மைப் போல் பி.ஏ., பி.எஸ்ஸி. படிப்பவருக்கு அது பொருந்தாது. அந்தச் சான்றிதழுக்காக அலைபவர்கள், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு உரிய நாளைத் தவறவிட்டுவிடக் கூடாது.

பட்டத்திற்குப் பின் என்ன?

'பி.எஸ்ஸி. முடித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று ஊரில் கேட்டால், 'பி.எட். படித்து டீச்சர் ஆகப் போகிறேன்' என்போம். அல்லது 'குரூப் ஃபோர் எழுதப் போகிறேன்' என்போம். இரண்டும் நல்லவையே. ஆனால் அவை இரண்டு மட்டும்தான் என்று நினைப்பது தவறு.

முதலில் மாநில அரசுப் பணி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். பெரும்பாலான பதவிகளுக்குப் பதினெட்டு வயது நிரம்பினால் போதும். ஆகவே பட்டம் வரும்வரை காத்திராமல் இப்போதே எழுதலாம். குரூப் 2, குரூப் 1 தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும். தமிழ்வழியில் படித்தவருக்கு 20 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். நம்மில் பலர் அப்படிப் படித்தவர்களே. தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எண்ணி வெட்கப்படும் நண்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து மத்தியக் குடிமைப் பணி. இதற்குப் பொதுப்பிரிவினர் 32 வயதுவரை 6 முறையும், இதர பிற்படுத்தப்பட்டோர் 35 வயதுவரை 9 முறையும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் 37 வயதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தயாரிப்புக் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது? தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது உயர்படிப்பு. ஐ.ஐ.டி. என்றால் பொறியியல் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே எம்.எஸ்ஸி. கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் உண்டு. அதற்கு 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வை இளநிலை இறுதியாண்டில் எழுதலாம். அண்மை ஆண்டுகளில் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பமும் பிப்ரவரியில் தேர்வும் நடக்கின்றன. இங்கே பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநில அரசு தந்த சாதிச் சான்றிதழ் மட்டும் மத்திய நிறுவனங்களில் செல்லாது. வளமான பிரிவினர் அல்லர் என்பதைக் காட்டும் 'ஓ.பி.சி.' சான்றிதழைத் தனியே, நடப்பு நிதியாண்டுத் தேதியில் வாங்க வேண்டும். எம்.எஸ்ஸி.க்குப் பின் 'நெட்' தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை. படிப்பதற்கே சம்பளம் போல் பணம் தருகிறார்கள் என்று சொன்னபோது என் தந்தையார் நம்பவில்லை. இரண்டு முறை கேட்டார்.

வெளிநாட்டில் படிக்க விரும்பும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950-கள் முதல் இருந்து வருகிறது. அம்பேத்கர் ஒரு மன்னரின் தயவால் பெற்றதை இன்று விண்ணப்பித்துப் பெறலாம். தொழில் தொடங்க நினைப்பவர்க்கு 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனமும், 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் உள்ளன.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த ஒதுக்கீடுகள் தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தா. அங்கே வேலை காலியாக இருக்கிறது என்ற செய்தியே தெரிந்தவர் மூலம்தான் வருகிறது. தந்தையும் மாமனும் அலுவலகத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளையில் காதில் விழும் செய்தி, நம் வீடுகளில் விழுவதில்லை. அமெரிக்கக் கறுப்பர் கல்லூரிகள் இந்தக் குறையை எப்படி ஈடு செய்தன என்பது நாம் கற்க வேண்டிய பாடம். அங்கே பழைய மாணவர்களே புதிய மாணவர்களுக்கு உறவினர் போல நின்று, வேலைக்கு வழிகாட்டுகிறார்கள். லூசியானாவின் சேவியர் பல்கலைக்கழகம் சிறியதுதான்; ஆயினும் மருத்துவக் கல்லூரிகளுக்கு மிகுதியான கறுப்பின மாணவர்களை அனுப்பும் இடம் அது. கறுப்பினப் பொறியாளர்களை அதிகம் உருவாக்குவது 1891-இல் தோன்றிய வடகரோலினா வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

நாம் செய்யக்கூடியது

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இயற்பியலில் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் பெற்றார். மறு மாதமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். 'ஜாம்' தேர்வைப் பற்றி நான் அவரிடம் சொன்னபோது, அப்படி ஒன்று இருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுவதாகச் சொன்னார். அவருக்குத் திறமை இல்லையா? இருந்தது. இடஒதுக்கீடு இல்லையா? இருந்தது. சொல்ல ஆள்தான் இல்லை. சட்டம் ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கலாம். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று மாணவனின் வீட்டுக்கு வந்து சொல்லாது.

எனவே மூன்று காரியங்களை நம் கல்லூரியிலேயே தொடங்கலாம் என்பது என் பணிவான கருத்து. முதலாவது, ஒவ்வொரு துறையிலும் ஓர் அறிவிப்புப் பலகையை உதவித்தொகைக்கும் தேர்வுக்கும் மட்டும் ஒதுக்கி, விண்ணப்பத்தின் இறுதி நாளைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது. இரண்டாவது, முதலாண்டு மாணவர்கள் சேர்ந்த முதல் மாதத்திலேயே சாதி, வருமானச் சான்றிதழ்களும் வங்கிக் கணக்கும் சரியாக உள்ளனவா என்று மூத்த மாணவர்கள் உடனிருந்து பார்த்துக் கொடுப்பது. மூன்றாவது, இங்கே படித்து உயர்படிப்புக்கோ வேலைக்கோ சென்ற பழைய மாணவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றைத் துறைதோறும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களை வரவழைப்பது. இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறை நம் மாவட்டங்களை உலுக்கியது. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை அளித்தது. மாணவர் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அன்று லிட்டில் ராக் பள்ளிக்கு இராணுவம் வர நேர்ந்தது. நம் வகுப்பறைகளுக்குக் காவலர் வர வேண்டிய நிலை வேண்டாம். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரை நாமே நண்பராக ஏற்றால், எந்த ஆணையும் தர முடியாத வாய்ப்பை அவருக்குத் தந்தவர்களாவோம்.

மாணவ நண்பர்களே! ஒரு வீட்டில் முதலில் படித்தவருக்கு வழி சொல்ல ஆள் இருப்பதில்லை. இரண்டாவதாக வருபவருக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது. நமக்குத் தெரிந்ததை ஒருவருக்கேனும் சொல்வோம். பேராசிரியப் பெருமக்களே! கிளேட்டர் ஒரு மாணவிக்காக ஒரு பாடத்தையே அமைத்தார். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். 'நீ இந்தத் தேர்வை எழுது' என்று பெயர் சொல்லி ஒருமுறை சொன்னால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.